நூற்றுக்கு நூறு கேட்டால் என்ன ஆகும்? கேம்ப்பெல் விதி: ஓர் எளிய அறிமுகம்

நாற்பது பிள்ளைகள் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் தேர்ச்சி. 97.5 சதவீதம். வேறு எந்த வேலையிலும் இந்த எண்ணைச் சொன்னால் தட்டிக்கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் வாய்ப்பு. "அந்த ஒருத்தன் ஏன் சார் ஃபெயில்?" என்று கேட்டார்கள். அவன் பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்குப் போக ஆரம்பித்துவிட்டான், தேர்வு அறைக்குக் கூட்டிவந்ததே பெரும்பாடு என்று சொல்ல வாயெடுத்தேன். "காரணமெல்லாம் வேண்டாம், எழுத்துப்பூர்வமா விளக்கம் கொடுங்க" என்றார்கள். காரணம் இல்லாமல் விளக்கம் எழுதுவது எப்படி என்று அன்று இரவு யோசித்து, ஒருவழியாக ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

வாத்தியார்கள் எப்போதும் எதையாவது புலம்பிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. நல்ல சம்பளம், மே மாதம் லீவு, அப்புறம் என்ன குறை? நியாயமான கேள்விதான். எங்கள் புலம்பலில் பாதி வெறும் புலம்பல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை எந்தப் பள்ளிக்கூடத்து ஓய்வறையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் எல்லாருக்கும் அனுபவத்தில் தெரியும். அதைப் புரிந்துகொள்ளப் பால் சொசைட்டியிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்களுக்கு லாக்டோமீட்டர் தெரியும். பாலில் மிதக்கவிட்டால் ஓர் எண்ணைக் காட்டும் கண்ணாடிக் குழாய். தண்ணீர் கலந்த பாலில் அது கொஞ்சம் கூடுதலாக அமிழும், எண் குறையும். நல்ல கருவி. வீட்டில் சும்மா சோதித்துப் பார்க்கிறவருக்கு அது உண்மையைத்தான் சொல்லும். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் காசு என்று ஆனதும் கதை மாறுகிறது. தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்தால் எண் பழையபடி ஏறிவிடும் என்பதை யாரோ ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். மாடு அதே மாடு, தீவனம் அதே தீவனம், பால் மட்டும் முன்பைவிட மோசம். கருவி மட்டும் 'எல்லாம் சரி' என்று காட்டிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் கொழுப்பு எவ்வளவு, மற்ற திடப்பொருள் எவ்வளவு, கலப்படம் உண்டா என்று தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க சமூக உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களில் இதையே ஒரு விதியாக எழுதிவைத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: சமூகத்தில் ஒரு விஷயத்தை அளக்கும் எண்ணை வைத்து எவ்வளவுக்கெவ்வளவு முடிவுகள் எடுக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த எண்ணைத் திரிக்கும் அழுத்தம் கூடும், எதை அளக்க வந்தோமோ அதுவும் கூடவே கெட்டுப்போகும். இரண்டாவது பாதிதான் முக்கியம். எண் மட்டும் பொய்யானால் பரவாயில்லை, இன்னொரு எண்ணைத் தேடிக்கொள்ளலாம். பாலே கெட்டுப்போகிறது என்பதுதான் அவர் சொன்ன சேதி.

கேம்ப்பெல் பள்ளிக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை. பொதுவான அறிவுக்காகப் பாடம் நடத்தும் இடத்தில் தேர்வு மதிப்பெண் ஒரு நல்ல அடையாளம்தான், ஆனால் மதிப்பெண்ணே பாடம் நடத்துவதன் நோக்கமாகிவிட்டால் அது அடையாளமாகவும் உதவாது, கல்வியையும் கோணலாக்கிவிடும் என்றார். டெக்சர்கானா என்ற அமெரிக்க ஊரில் 1969-70-ல், பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணுக்கு ஏற்பக் கூலி என்று ஒரு நிறுவனத்திடம் பாடம் நடத்தும் வேலையைக் கொடுத்தார்கள். தேர்வில் வரவிருந்த வினாக்களையே அந்த நிறுவனம் முன்கூட்டி நடத்திவிட்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில், 1975-ல், சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பண விஷயத்தில் இதே போன்ற ஒன்றைச் சொன்னார். அது வங்கிக்காரர்கள் பாடு. நாம் வகுப்புக்குள் போவோம்.

நான் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் சில ஆண்டுகளாக இருக்கும் அமைப்பு இது: 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், பிறகு இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகள், கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு வினாக்கள். அந்த இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 வேண்டும். இப்போது உங்களிடம் ஒரு பையனைக் கொடுத்து, மூன்று மாதத்தில் இவன் தேறியாக வேண்டும், இல்லையென்றால் விளக்கக் கடிதம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நீங்களும் இந்தக் கணக்கைத்தான் போடுவீர்கள். செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. புத்தகத்தின் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தால் ஒரு 10. முதல் பாடத்தில் கார்ட்டீசியன் பெருக்கல், அதில் ஓர் ஐந்து மதிப்பெண். எங்காவது இரண்டு மதிப்பெண் வினா இரண்டு. மொத்தம் 35. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.

இது வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், சனிக்கிழமையும் சேர்த்து, கவராயத்தையும் அளவுகோலையும் கையில் கொடுத்து உட்காரவைத்தால், வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகளை அச்சடித்ததுபோல் வரையும் பிள்ளைகளை உருவாக்கிவிடலாம். நானும் உருவாக்கியிருக்கிறேன். ஒருநாள் அப்படி அழகாக வரைந்த ஒரு பெண்ணிடம், "தொடுகோடுன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "எட்டு மார்க் சார்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஆசிரியரின் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இந்த இடத்திலிருந்துதான். வேலைப் பளு ஒருபக்கம் இருக்கட்டும், பளு எல்லா வேலையிலும் உண்டு. தெரிந்த வேலையைத் தெரிந்த விதத்தில் செய்யவிடாமல், அதைப் போலத் தோன்றும் இன்னொரு வேலையைச் செய்யச் சொல்வதுதான் கசப்பு. சமையல்காரரிடம் ருசியைக் கேட்காமல், இலையில் மிச்சம் இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நாளில் அவர் இலைக்குக் குறைவாகப் பரிமாறக் கற்றுக்கொள்வார்.

குறைவாகப் பரிமாறுவது பள்ளியிலும் நடக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பு மூன்றாகப் பிரியும். எப்படியும் தேறிவிடும் பிள்ளைகள் ஒரு பக்கம். 20-லிருந்து 35-க்குள் தத்தளிப்பவர்கள் நடுவில். அதற்கும் கீழே சிலர். அலுவல் மொழியில் 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' என்று பொதுவாகச் சொன்னாலும், உழைப்பெல்லாம் நடுக்கூட்டத்தின் மேல்தான் போகும். அவர்களை இந்தப் பக்கம் தள்ளினால்தான் சதவீதம் ஏறும். 70 வாங்குகிறவளை 90-க்குக் கொண்டுபோனாலும் தேர்ச்சிப் பட்டியலில் ஒரு மாற்றமும் இல்லை. 5 வாங்குகிறவனை 20-க்குக் கொண்டுவந்தால், அது ஆசிரியராக என் வாழ்நாள் சாதனையாகவே இருந்தாலும், பட்டியலில் அவன் ஃபெயில். ஜெனிபர் பூஹர்-ஜென்னிங்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியைக் கவனித்து 2005-ல் இதையேதான் எழுதினார். போர்க்களத்து மருத்துவர், பிழைக்கவைக்கக்கூடியவரை மட்டும் முதலில் கவனிப்பதுபோல, எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கே பள்ளி தன் நேரத்தைக் கொடுக்கிறது என்றார். டெக்சாஸ் எங்கே, எங்கள் ஊர் எங்கே. விதி ஒன்றுதான்.

அடுத்தது வகுத்தல் கணக்கு. சதவீதம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். தேறியவர்களைக் கூட்டுவது கஷ்டம், எழுதுகிறவர்களைக் குறைப்பது சுலபம். தேறமாட்டான் என்று தெரிந்த பையனின் அப்பாவை ஒன்பதாம் வகுப்பு முடிவில் கூப்பிட்டு, "ஐ.டி.ஐ.யில சேர்த்துடுங்க, கைத்தொழில் கத்துக்குவான்" என்று பேசுவது உண்டு. சில பிள்ளைகளுக்கு அது நல்ல யோசனையேதான். ஆனால் யாருடைய நன்மைக்காகச் சொல்கிறோம் என்பது சொல்கிற நமக்குத் தெரியும். நானும் ஒருமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். அந்த அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மாநில அளவிலும் இந்தக் கீழ் எண்ணைக் கவனிக்க வேண்டும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ முதல் நாள் மொழித்தாளுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவே இல்லை. பேப்பரில் பெரிய செய்தியாக வந்தது, சட்டமன்றம் வரை போனது. கொரோனா காலத்தில் எல்லாரும் தேர்ச்சி என்று மேலே வந்தவர்கள், நடுவில் படிப்பை விட்டும் பெயர் நீக்கப்படாதவர்கள் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அந்த ஆண்டுத் தேர்ச்சி 94.03 சதவீதம். அது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. வராத பிள்ளைகள் ஃபெயிலும் இல்லை, பாஸும் இல்லை. அந்த எண்ணுக்குள் அவர்கள் இல்லவே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. 100 சதவீதம் என்பது 97-ஐவிடக் கொஞ்சம் கூடுதல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு வகுப்பில் 40 பேர், ஒவ்வொருவரும் தேறுவதற்கு 99 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது பிரமாதமான வகுப்பு. நாற்பது பேரும் சேர்ந்து தேறும் வாய்ப்பு எவ்வளவு? 0.99-ஐ நாற்பது முறை பெருக்க வேண்டும். விடை கிட்டத்தட்ட 0.67. ஆக, இவ்வளவு நல்ல வகுப்பிலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் தவறத்தான் செய்வார். காய்ச்சல், வீட்டில் சாவு, கேள்வி எண்ணை மாற்றிப் போட்டது என்று ஏதாவது ஒன்று. ஐந்து பாடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 0.13 தான் வரும். (ஒரே பிள்ளை பல பாடத்தில் தவறுவது உண்டு என்பதால் உண்மை நிலை இவ்வளவு மோசமில்லை, எளிமைக்காக அப்படி எடுத்துக்கொண்டேன்.) அதிர்ஷ்டம் செய்யும் வேலைக்கு ஆசிரியர் விளக்கம் எழுதுகிறார். போன வருடம் பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய அதே ஆசிரியர்தான், அதே பாடத்தை அதேபோல் நடத்திவிட்டு, இந்த வருடம் தலைகுனிந்து நிற்கிறார். சின்னப் பள்ளிகளில் இது இன்னும் கொடுமை. பன்னிரண்டு பேர் எழுதும் கிராமத்துப் பள்ளியில் ஒருவன் தவறினால் 91.7 சதவீதம். முந்நூறு பேர் எழுதும் டவுன் பள்ளியில் ஒருவன் தவறினால் 99.7.

இதெல்லாம் புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்ற அரசியல்வாதி 'விளைவுக்கேற்ற கூலி' என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லிச் சோதிப்பார். பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கான மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. தலைக்கு இவ்வளவு என்று விலையே போட்டுவிட்டார்கள். மற்ற பாடங்கள் ஓரங்கட்டப்பட்டன, வாசிப்புப் புத்தகம் மனப்பாடமானது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு இதைத் தொடர்ந்து எதிர்த்தார். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அதைக் கைகழுவியது. அதே பாணி மானியம் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, திண்ணைப் பள்ளிகள்கூட அதற்குள் இழுக்கப்பட்டன. இன்ஸ்பெக்ஷன் என்றாலே பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளுக்குப் பதிலை ஒப்பிக்கப் பழக்கிவைக்கும் நம் வழக்கத்துக்கு வயது கொஞ்சம் அதிகம்தான்.

அமெரிக்காவில் 2002 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது: 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறியாக வேண்டும். எல்லாரும், அதாவது 100 சதவீதம். எண்ணை எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை. அட்லாண்டா நகரத்தில் மதிப்பெண்கள் மடமடவென்று ஏறின, ஊரே மெச்சியது. 2011-ல் மாநில அரசின் விசாரணை அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது: சோதித்த 56 பள்ளிகளில் 44-ல் விடைத்தாள் திருத்தியிருந்தார்கள். பிள்ளைகள் போட்ட தப்பு விடையை அழித்துச் சரியான விடையைப் போட்டவர்கள் ஆசிரியர்கள். தலைமையாசிரியர்களும் சேர்த்து 178 பேர் பெயர் அறிக்கையில் இருந்தது. 2015-ல் 11 பேர், மாஃபியா கும்பல்கள் மேல் போடும் சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்கள் செய்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 44 பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் கெட்டவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று நம்ப முடியவில்லை. அந்தச் சட்டமும் 2015 டிசம்பரில் மாற்றப்பட்டது.

நம் ஊரிலும் எண் துரத்தும் கதைக்குப் பஞ்சமில்லை. பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு என்று இருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது, நல்ல முடிவு. பதினோராம் வகுப்பைக் காப்பாற்ற அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து தேர்வு பயம். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிளஸ் ஒன் தேர்வைக் கைவிட்டார்கள். ஓர் எண் செய்த கோணலை இன்னொரு எண்ணைக் கொண்டு நிமிர்த்தப் பார்த்த கதை இது.

தொடக்கப் பள்ளி நண்பர்களின் புலம்பல் வேறு மாதிரி. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்பப் பாடம் நடத்தச் சொன்னார்கள். யோசனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் செல்போன் செயலியில் பதிய வேண்டும், மதிப்பீடும் அதிலேயே. ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் செயலி சுற்றி முடிக்கக் காத்திருந்தால், அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? பதிவு முடிந்த பள்ளி எத்தனை சதவீதம் என்று அதற்கும் ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். கற்பித்ததை அளக்க வந்த எண்ணைப் பதிந்தோமா என்று அளக்க இன்னொரு எண்.

சரி, அப்படியானால் அளக்கவே வேண்டாமா? அளக்கத்தான் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் பாதிப் பேர் ஃபெயிலாவார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அப்போது யாருக்கும் கவலை இல்லை, எங்களில் பலருக்கும் சேர்த்துத்தான். தேர்ச்சி எங்கே என்று மேலிருந்து கேட்கத் தொடங்கிய பிறகுதான் மாலை வகுப்பு வந்தது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும் பழக்கம் வந்தது. எண் இல்லாத பொற்காலம் ஒன்று இருந்தது என்று சொல்கிற ஆசிரியரை நான் நம்பமாட்டேன். பாதி ஃபெயில் என்பதை எண்பது பாஸ் ஆக்கியதில் அந்த அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. எண்பதுக்கு மேல் போகப்போக, ஒவ்வொரு சதவீதமும் கற்பித்தலால் வருவது குறைந்து, சூட்சுமத்தால் வருவது கூடுகிறது. நூறு என்று கேட்கும்போது கிட்டத்தட்டச் சூட்சுமத்தையேதான் கேட்கிறார்கள்.

கேம்ப்பெல் விதியை நன்றாகப் படித்தால் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. முடிவெடுக்க எவ்வளவு பயன்படுத்துகிறோமோ அவ்வளவு கெடும் என்றால், அளக்கிற எண்ணையும் தண்டிக்கிற எண்ணையும் பிரித்துவிட்டால் போதும். தேசிய அடைவு ஆய்வு 2021-ல் 3, 5, 8, 10 வகுப்புகளில் மாதிரிக்குச் சில பள்ளிகளில் மட்டும் நடந்தது. அதில் தனி ஆசிரியருக்கு மதிப்பெண் கிடையாது, எனவே அதற்காக யாரும் உயிரைக் கொடுத்துத் தயார் செய்ய வேண்டிய அவசியமும் குறைவு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்த முறைதான். பின்லாந்தில் மேல்நிலைப் பள்ளி முடிவில் வரும் ஒரு தேர்வைத் தவிர, எல்லாப் பிள்ளைகளுக்குமான தேசியத் தேர்வு கிடையாது. கீழ் வகுப்புகளில் இப்படி மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது என்ற வளர்ச்சியை அளக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 5-லிருந்து 20-க்கு வந்தவனுக்கு அதில் இடம் உண்டு என்பதால் எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதையும் சம்பள உயர்வோடு கட்டிவிட்டால், ஜூன் மாதத்து முதல் தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் திடீரென்று மக்காகிவிடுவார்கள். எங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம். மே மாதம் தெருமுனையில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று ஃப்ளெக்ஸ் வைத்திருப்பார்கள், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும். உங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, இந்த பேட்ச் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், ஆளைக் குறைத்துச் சதவீதத்தை ஏற்றியிருக்க வாய்ப்பு குறைவு. குறைந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் பள்ளியில் இந்த வருடம் 46, 40. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் வேறு ஊருக்குக் குடிபோனார்கள், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். மீதி மூன்று பேரைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.